முதல் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு வருடம் ஓ.பி.: குடி சிகிச்சைக்கு எங்கே சேர்ப்பது?

கேள்வி: அண்ணனுக்கு 42 வயது. சேலம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பத்து வருடமாகக் குடி, இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் கை நடுங்குகிறது. போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட இரண்டாம் நாள் கை கால் வெட்டி இழுத்து விழுந்தார். விரதப் பட்டினி என்று விட்டுவிட்டோம். ஒரு மறுவாழ்வு மையத்தில் 90 நாளுக்கு 75,000 ரூபாய் கேட்கிறார்கள். "சரின்னு மட்டும் சொல்லுங்க, ராத்திரியே வண்டி அனுப்பறோம்" என்கிறார்கள். அண்ணியோ ஓ.பி.யில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கொடுத்தால் போதாதா என்கிறார். எது சரி?

பதில்:

இப்போதைக்கு இரண்டுமே சரியில்லை. உங்கள் அண்ணனுக்கு முதல் ஐந்து முதல் ஏழு நாள், மனநலப் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனையில் அட்மிஷன் வேண்டும். அதன் பிறகு குறைந்தது ஒரு வருடம் ஓ.பி. 90 நாள் மையத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. ராத்திரி வண்டி யாருக்குமே வேண்டியதில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

குடி சிகிச்சை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, குடியை நிறுத்தும்போது உடம்பு படும் பாட்டை ஆபத்தில்லாமல் கடத்துவது. இது ஒரு வார வேலை, முழுக்க முழுக்க வைத்தியம். இன்னொன்று, நிறுத்திய ஆளை நிறுத்தியபடியே வைத்திருப்பது. இது மாதக்கணக்கில் போகும், மாத்திரையும் பேச்சும் வீடும் சேர்ந்த வேலை. உள்நோயாளியா புறநோயாளியா என்ற கேள்வியை இந்த இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொத்தமாகக் கேட்பதால்தான் முதல் வேலைக்கு டாக்டர் இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டு, இரண்டாவது வேலைக்குக் காசில்லாமல் நிற்கிறோம்.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக்கில் விற்கும் 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். இந்தியாவில் 10 கிராமை ஒரு யூனிட் என்று வைப்பார்கள். அப்படியானால் உங்கள் அண்ணன் தினமும் 12 யூனிட். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை யூனிட், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு. டாக்டரிடம் "கொஞ்சம் குடிப்பார்" என்று சொல்வதற்குப் பதில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கட்டிங் போடுகிறவர் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை கட்டிங், முதல் கட்டிங் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே பிளாக்கில் வாங்கவோ முந்தின இரவே மிச்சம் வைக்கவோ வேண்டியிருக்கிறது என்றால், அந்த உடம்பு சாராயம் இல்லாமல் காலையைத் தாண்ட முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டது.

மூளை வருடக்கணக்கில் ஆல்கஹாலின் அமுக்கலுக்குப் பழகியிருக்கும். அதை எதிர்த்து ஓட, தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். திடீரென்று அமுக்கலை எடுத்துவிட்டால் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு ஆளே மாறிப்போகும்: இடம் தெரியாது, நேரம் தெரியாது, சுவரில் பூச்சி ஓடுவதாகச் சொல்வார், இல்லாத நூலை விரலால் இழுத்துக்கொண்டிருப்பார், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். வைத்தியம் செய்யாவிட்டால் உயிரைக் கொண்டுபோகும். கால் உடைந்து ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனவர் மூன்றாம் நாள் ராத்திரி "பேய் பிடித்த மாதிரி" ஆனார் என்று ஊரில் சொல்லும் கதைகளில் பல இதுதான். ஆஸ்பத்திரிக்கு வந்ததால் குடி நின்றது, குடி நின்றதால் குழப்பம் வந்தது. குடிப்பதை டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் அண்ணனின் கார்த்திகையைப் பாருங்கள். மாலை போட்ட அன்று குடியை வெட்டிவிட்டார், இரண்டாம் நாள் விழுந்தார். நேரக்கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது குடி நிறுத்திய வலிப்பு என்றே எடுக்க வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை வர வாய்ப்பு அதிகம். நிறுத்தி நிறுத்தித் தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கடுமையாகும் போக்கும் உண்டு. அதனால்தான் அளவைவிட இந்த ஒரு வரியை வைத்து அட்மிஷன் என்கிறேன். இரண்டு குவார்ட்டர் குடிக்கிற இன்னொருவருக்கு, முன்பு நிறுத்தியபோது நடுக்கத்தோடு போயிருந்தால், ஓ.பி.யே போதும் என்று சொல்லியிருப்பேன். யாருக்காக விசாரித்தாலும், "மாலை போட்டபோது, கயிறு கட்டியபோது, ஊருக்குப் போய்க் கடை இல்லாமல் இருந்தபோது முதல் மூன்று நாள் எப்படி இருந்தார்?" என்று கேளுங்கள். எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த அளவுக்குச் சொல்லாது.

வலிப்பைத் தவிர வேறு சில நிலைகளிலும் முதல் வாரம் வீட்டில் கூடாது. முன்பு குழப்பநிலை வந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ உள்ளவர், அறுபதைத் தாண்டியவர், கர்ப்பிணி, தற்கொலைப் பேச்சு உள்ளவர், குடியோடு தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சேர்த்துப் போடுகிறவர், ராத்திரி கூட இருக்க ஆளில்லாதவர், ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத ஊர்க்காரர். இவர்கள் தவிர்த்த பெரும்பாலானோருக்கு ஓ.பி. டீடாக்ஸ், அதாவது முதல் வார வைத்தியத்தை வீட்டிலிருந்தே எடுப்பது, பாதுகாப்பானது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லேசான, நடுத்தர அளவு நடுக்கம் இருந்த 164 பேரைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1989இல் வந்தது. முதல் கட்டத்தை முழுசாக முடித்தவர்கள் உள்நோயாளிகளில் 95 சதவீதம், ஓ.பி.யில் 72. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. செலவில் ஓ.பி. பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். கட்டிலில் படுக்க வைப்பது முதல் வாரத்துக்குத்தான் உதவுகிறது, ஆறாம் மாதத்துக்கு அல்ல.

அண்ணி சொல்லும் ஓ.பி. வழி எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு வீட்டுக்கு உதவும். குளோர்டயஸெபாக்ஸைடு அல்லது டயஸெபாம் என்ற மாத்திரையை முதல் நாள் அதிகமாகத் தொடங்கி, தினமும் குறைத்து, ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்துவார்கள். ஆல்கஹால் செய்த அமுக்கலைத் தற்காலிகமாக இது செய்யும், பிறகு படிப்படியாக விலகும். கல்லீரல் கெட்டவருக்கு லோரஸெபாம் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அளவு டாக்டர் போடுவது. உங்கள் வேலை மூன்று. மாத்திரை உங்கள் கையில் இருக்க வேண்டும், அவர் கையில் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஒரேயடியாக வாங்கி வைக்கக் கூடாது. வாயில் சாராய வாடை வந்தால் அந்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேச வேண்டும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். முதல் நான்கு நாள் தினமும் காட்ட வேண்டும். நல்ல ஓ.பி.யில் கையை நீட்டி விரலை விரிக்கச் சொல்லி நடுக்கத்தைப் பார்ப்பார்கள், உள்ளங்கை வியர்வையைத் தொட்டுப் பார்ப்பார்கள், இன்று என்ன கிழமை என்று கேட்பார்கள். பத்துக் கேள்வி கொண்ட சிவா (CIWA) என்ற மதிப்பெண் முறை இது, மொத்தம் 67 மதிப்பெண். எட்டுக்குக் கீழே என்றால் லேசு, பதினைந்தைத் தாண்டினால் வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது.

ஓ.பி. டீடாக்ஸைத் திங்கட்கிழமை தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை தொடங்கினால், குழப்பம் வரும் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும், அன்றைக்கு ஓ.பி. கிடையாது. சின்ன விஷயம்தான், ஆனால் இதில் சறுக்குகிறவர்கள் நிறைய. வலிப்பு, உளறல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், மாத்திரையே தங்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். மறுநாள் காலை டோக்கன் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று கேட்க விசித்திரமாக இருக்கும். அட்மிஷன் கிடைக்கும் நாள்வரை அண்ணனைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், பாட்டிலைப் பிடுங்கி ஊற்றாதீர்கள். இந்தக் கட்டத்தில் உள்ள உடம்புக்கு, குடிப்பதைவிட மருந்தில்லாமல் சட்டென்று நிறுத்துவது அந்த மூன்று நாளுக்கு அதிக ஆபத்து.

அப்புறம் குளுக்கோஸ். குடித்துச் சோர்ந்த ஆளைத் தெருமுனை கிளினிக்கில் படுக்க வைத்து ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம் ஊர்ப் பழக்கம். வருடக்கணக்கில் சோறு குறைத்துக் குடித்தவருக்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், தரைதட்டியிருக்கும். குளுக்கோஸ் போனதும் இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகி, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, குழப்பம் வந்து, நினைவாற்றலே நிரந்தரமாகப் போகலாம். பார்க்கிறவர்கள் "இன்னும் போதை இறங்கலை" என்பார்கள். அதனால் குளுக்கோஸுக்கு முன்போ, குறைந்தது கூடவோ, தயமின் ஊசியாகப் போக வேண்டும். ஆரம்பத்தில் மாத்திரை போதாது, குடித்த குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. எந்த இடத்தில் சேர்த்தாலும் "பி1 ஊசி போட்டீங்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முழிக்கிற இடத்தில் முதல் வாரத்தை நடத்தக் கூடாது.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொதுவாக எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலத் துறை உண்டு, பக்கத்திலேயே மருத்துவப் பிரிவும் ஐ.சி.யு.வும் உண்டு. வலிப்பு வந்தவருக்கு வேண்டியது இந்த அக்கம்பக்கம்தான். ஏ.சி. அறை, கேரம் போர்டு, யோகா ஹால் எதுவும் நள்ளிரவு இரண்டு மணிக்கு வலிப்பை நிறுத்தாது. தனியார் என்றாலும் இதே அளவுகோல்: ராத்திரி பணியில் டாக்டர் யார், நர்ஸ் யார், வலிப்பு வந்தால் ஊசி அங்கேயே இருக்கிறதா, எந்த ஐ.சி.யு.வுக்கு எத்தனை நிமிடத்தில் மாற்றுவார்கள்? அட்மிஷன் அன்றே கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், சர்க்கரை, பொட்டாசியம், மக்னீசியம், இ.சி.ஜி. பார்க்க வேண்டும். வலிப்பு வந்து விழுந்தவர் என்பதால் தலை ஸ்கேனும் கேட்பார்கள், விழுந்ததில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க. அது காசு பிடுங்கும் வேலை இல்லை.

செலவுக்கு ஆரோக்கியக் காப்பீடு இருந்தால் பாலிசியில் விலக்குகள் பகுதியைப் பாருங்கள். 12ஆம் எண் விலக்கு என்று குடி, போதை சிகிச்சையையும் அவற்றின் விளைவுகளையும் தள்ளும் வாசகம் பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். ஏஜெண்ட் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி அட்மிட் பண்ணாதீர்கள்.

இனி அந்த 90 நாள் மையம். எல்லா மறுவாழ்வு மையமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பழைய இடங்கள் மருத்துவமும் கவுன்சிலிங்கும் குடும்பத்துக்கான வகுப்பும் சேர்ந்து நடத்தும் முறையை இங்கே நிலைநாட்டின. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் கட்டணம் இல்லாதவை. 14446 என்ற எண்ணில் கேட்டால் பக்கத்தில் எது என்று சொல்வார்கள். வீட்டில் எல்லாருமே குடிக்கிறார்கள், அல்லது வீடே இல்லை, அல்லது இரண்டு மூன்று முறை ஓ.பி.யில் நேர்மையாக முயன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை என்றால், தங்கிச் சிகிச்சை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரி டீடாக்ஸ் முடிந்த பிறகு, ஆள் தானே சம்மதித்துப் போனால்.

ராத்திரி வண்டி என்பது என்ன தெரியுமா? நான்கு பேர் வருவார்கள், தூங்குகிற ஆளைத் தூக்குவார்கள், கத்தினால் வாயைப் பொத்துவார்கள், வழியில் ஏதோ ஊசி போடுவார்கள். குடித்த உடம்பில் அளவு தெரியாமல் போடும் ஊசி. தொழிலில் இதற்கு "பிக்கப்" என்று பெயர், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி குடி, போதை சார்ந்த மனநிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வயது வந்தவர் தானே சேர்ந்தால், தானே வெளியேறவும் உரிமை உண்டு. ஆபத்து இருக்கிறதா என்று மதிப்பிட 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்கலாம். அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க 89ஆம் பிரிவு. அதற்குத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதியுள்ளவரும் தனித்தனியாகப் பார்த்துச் சான்று தர வேண்டும். அதுவும் 30 நாள்வரைதான். அதற்கு மேல் என்றால் இரண்டு மனநல மருத்துவர்களும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். தங்கையோ மனைவியோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதால் 90 நாள் பூட்டி வைக்கும் அதிகாரம் யாருக்கும் வராது. சங்கிலி போடுவது எந்த வடிவிலும் குற்றம். தனியறையில் அடைப்பது, கட்டாயமாக மொட்டை அடிப்பது, சம்பளம் இல்லாமல் வேலை வாங்குவது எல்லாம் தடை.

சட்டத்தை விடுங்கள், வைத்தியமாகவே பாருங்கள். அடித்துத் தூக்கிப்போன ஆள் 90 நாளும் குடிக்காமல்தான் இருப்பார், அங்கே சாராயம் இல்லையே. 91ஆம் நாள் உங்கள் மேல் கொலைவெறியோடு வீட்டுக்கு வருவார். அவரோடு இனி ஓ.பி.க்குப் போவது யார்?

பின்னால் எப்போதாவது மையம் தேட நேர்ந்தால், பணம் கட்டும் முன் பகலில் ஒருமுறை, சொல்லாமல் ஒருமுறை நேரில் போங்கள். அலுவலக அறையில் உட்கார வைத்து ஆல்பம் காட்டினால் படுக்கை இருக்கும் இடத்தைப் பார்க்கக் கேளுங்கள். பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, சமையல் யார் செய்கிறார்கள், மருந்து அலமாரியின் சாவி யாரிடம், நாடி-ரத்த அழுத்தக் குறிப்பேட்டில் நேற்று ராத்திரி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லா நேரத்துக்கும் ஒரே பேனாவில் 120/80 எழுதியிருந்தால் ஒரே மூச்சில் எழுதியது. குடியை விட்ட முன்னாள் நோயாளிகள் அங்கே வேலை செய்வது நல்லதுதான், அவர்கள் பேச்சு உள்ளே இறங்கும். ஆனால் அவர்களே ஊசி போட்டால், அவர்களே தண்டனை கொடுத்தால் அது வேறு. மனநல மருத்துவர் பெயரைக் கேளுங்கள், எந்தெந்தக் கிழமை வருகிறார் என்றும் கேளுங்கள். போர்டில் பெயர் இருக்கும், ஆள் மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுப் போவார். முதல் வாரத்திலேயே பார்க்க விடுவார்களா, போனில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். "பதினஞ்சு நாளைக்குப் பார்க்க வராதீங்க, மனசு இளகிடுவீங்க" என்பது அடி பட்ட காயம் ஆறும்வரை கேட்கும் அவகாசமாகவும் இருக்கலாம்.

"நாலாம் நாள் 'எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போறேன்'னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றும் கேளுங்கள். டாக்டர் பார்ப்பார், பேசுவோம், ஆபத்து இல்லை என்றால் மருந்துச் சீட்டோடு அனுப்புவோம் என்றால் உட்காருங்கள். "அதெல்லாம் விட மாட்டோம், நாங்க பார்த்துக்கறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "நூறு சதவீதம் கேரண்டி" என்று சொல்பவரிடம், போன வருடம் இதே மாதம் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேரோடு இன்னும் தொடர்பில் இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வேலைக்கு வருவோம். 2019இல் வெளியான தேசிய போதைப்பொருள் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது, 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்ந்திருந்தார். அந்த ஒருவராக உங்கள் அண்ணன் ஆகி, ஏழாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, பிறகு யாரையும் பார்க்காமல் விட்டால் பழைய இடத்துக்கே திரும்புவார். மறுபடி விழுவது அதிகம் நடப்பது முதல் மூன்று மாதத்தில். அதனால் முதல் மாதம் வாராவாரம், அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று ஓ.பி. தேதிகளை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். 75,000 ரூபாய் இருக்கிறது என்றால் அதை இந்த ஒரு வருடத்துக்கு வையுங்கள்: மாத்திரை, கவுன்சிலிங், போக வர பஸ், அன்றைய பட்டறை வருமான இழப்பு.

ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, நம் ஊரில் பலருக்கு எழுதித் தருவதே இல்லை. நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம், தினம் ஒன்று. குடித்தால் வரும் சுகத்தை மழுங்கடிக்கும். கல்லீரல் பரிசோதனை பார்த்துத் தொடங்குவார்கள். டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரை போடுகிறவருக்கு இது ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம், வழக்கமாக வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. விட்டவருக்கு விட்டபடி இருக்க உதவும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். கல்லீரல் சுருங்கியவருக்கு பாக்லோஃபென் பார்ப்பார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை போட வேண்டியிருக்கும். நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும் தூக்க மாத்திரை வகை இல்லை, பழக்கமாகாது. மாறாக, தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் அல்பிரஸோலம் வாங்கிக் கொடுத்தால் ஒரு பழக்கம் போய் இன்னொன்று வரும்.

டைசல்பிராம் வேறு ரகம். அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் உடம்பில் அசிட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருக்க வைப்பதுதான் மருந்தின் வேலை. தெரிந்தால்தானே பயம்? "தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்க" என்று கூரியரில் வரும் பவுடர்களில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்பிராமாக இருந்து அவர் வெளியில் குடித்தால், நெஞ்சு நோயுள்ளவர் செத்தும் போகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மனைவி கையால் தினமும் காலையில் போட்டால் நல்ல மருந்து. கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமாவது கழித்துத்தான் தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை வேலை செய்யும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்களும் இந்த நாட்களில் கூடாது.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் தமிழில் நடக்கின்றன, காசு இல்லை. குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனி. அண்ணியை அங்கே அனுப்புங்கள், அண்ணன் வருகிறாரோ இல்லையோ. எல்லாருக்கும் அது ஒத்துவராது, ஒத்துவருகிறவர்களுக்கு ஓ.பி. டாக்டர் தர முடியாத ஒன்று கிடைக்கும், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட ஒரு ஆள்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பட்டறைக்கு வரும் பணம் கொஞ்ச நாள் அண்ணியின் கணக்குக்கு வரட்டும், அண்ணன் சம்மதத்தோடு. சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரம், சாவு வீடு, கல்யாண வீட்டு மொட்டைமாடி, இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே பேசி வையுங்கள்: போகணுமா, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது. மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் அன்று இரவு சண்டை வேண்டாம், மறுநாள் காலை ஓ.பி. ஒருநாள் குடித்ததை ஒரு வாரமாக்காமல் தடுப்பதில்தான் நீங்கள் உதவ முடியும்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு: காலையில், முதல் கட்டிங்குக்கு முன், நடுக்கம் தெரிகிற நேரத்தில். குடியை விடச் சொல்லிப் பேசாதீர்கள். கார்த்திகையில் விழுந்தது வலிப்பு, மறுபடி லேத்தில் நிற்கும்போது வந்தால் கை போய்விடும், அதை டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லுங்கள். இது உண்மை, அவருக்கே உள்ளூர இருக்கும் பயமும் இதுதான். எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறினால் 14416இல், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணில், கவுன்சிலர் தமிழில் பேசுவார், 24 மணி நேரமும், இலவசம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லுங்கி, ஒரு போர்வை, கூடத் தங்க ஒருவர். ஒரு துண்டுச்சீட்டில் மூன்று வரி எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்: தினம் எவ்வளவு, கார்த்திகை வலிப்பு எந்தத் தேதி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு. காஷுவால்டியில் யார் என்ன கேட்டாலும் முதலில் அந்தச் சீட்டை நீட்டுங்கள்.